அத்தையின் விமான டிக்கெட்டும் நம் வரிப்பணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொழிச்சலூரில் எங்கள் மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால், இறங்கும் விமானத்தின் சக்கரத்தை எண்ணலாம். போன தீபாவளிக்குத் தூத்துக்குடி அத்தையைச் சென்னைக்கு வரவழைத்தோம். திரும்பிப் போக டிக்கெட் போட்டபோது அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, "டிக்கெட் விலை ஒன்று, அதற்குக் கீழே இத்தனை வரி எதற்குடா?" என்று கேட்டார். சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து தேடிப் படித்ததும், தெருவில் மற்றவர்கள் கேட்டதும் சேர்ந்ததுதான் இது.

டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே வருவதெல்லாம் அரசுக்குத்தானே போகிறது?

இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போகிறது.

யூடிஎஃப் என்று இருப்பது பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம். சென்னையில் அது இந்திய விமான நிலைய ஆணையத்துக்குப் போகிறது, ஏனென்றால் மீனம்பாக்கம் நிலையத்தை நடத்துவது அவர்கள்தான். ஏஎஸ்எஃப் என்பது பாதுகாப்புக் கட்டணம், அது தனியாக ஓர் அறக்கட்டளைக் கணக்கில் சேர்கிறது. ஜிஎஸ்டி, எகானமி வகுப்புக்கு 5 சதவீதம். பிசினஸ் வகுப்புக்கு 12 ஆக இருந்ததை 2025 செப்டம்பரில் 18 ஆக்கினார்கள். இது மத்திய, மாநில அரசுகளின் பங்கு.

மீதி இருப்பதில்தான் ஏமாறுகிறோம். எரிபொருள் கூடுதல் கட்டணம், கன்வீனியன்ஸ் ஃபீ, சீட் தேர்வுக் கட்டணம் எல்லாம் விமான நிறுவனமும் டிக்கெட் விற்கும் தளமும் எடுத்துக்கொள்பவை. "வரிகளும் கட்டணங்களும்" என்று ஒரே தலைப்பில் கூட்டிப் போட்டுவிடுவதால் எல்லாமே அரசு வரி மாதிரி தெரிகிறது. அத்தையின் டிக்கெட்டிலும் அப்படித்தான் இருந்தது. சின்ன அம்புக்குறியைத் தட்டினால்தான் பிரித்துக் காட்டியது.

யூடிஎஃப் எவ்வளவு என்று யார் தீர்மானிக்கிறார்கள்? ஏர்போர்ட் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டியதுதானா?

ஏரா என்ற விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கிறது. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவானது. ஆண்டுக்கு 35 லட்சம் பயணிகளுக்கு மேல் வரும் நிலையங்கள் அதன் கட்டுப்பாட்டில் வரும். முதலில் இந்த எல்லை 15 லட்சமாக இருந்தது, 2019-இல் உயர்த்தினார்கள். சென்னைக்கு ஆண்டுக்கு 2 கோடிப் பேருக்கு மேல் வந்து போகிறார்கள் என்பதால் நாம் எப்படியும் உள்ளே.

கணக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. நிலையத்தில் போட்ட முதலீடு எவ்வளவு, அதற்கு நியாயமான லாபம் எவ்வளவு, தேய்மானம், சம்பளம், கரண்ட், பராமரிப்பு, வருமான வரி எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். அந்த ஐந்தாண்டில் எத்தனை பேர் பறப்பார்கள், எத்தனை விமானம் இறங்கும் என்று மதிப்பிடுகிறார்கள். தேவையான தொகையை விமானங்களின் தரையிறங்கும் கட்டணம், நிறுத்தக் கட்டணம், பயணிகளின் யூடிஎஃப் என்று பிரித்துப் போடுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, மதிப்பீடு தப்பினால் அடுத்த ஐந்தாண்டில் சரிக்கட்டுவார்கள் என்பது. கொரோனாவில் ஏர்போர்ட் காலியாகக் கிடந்தது நினைவிருக்கும். அப்போது வராத பணம் காணாமல் போய்விடவில்லை. பிற்பாடு பறந்தவர்கள் தலையில் தவணையாக ஏறியது. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தால் அடுத்த முறை குறையவும் வேண்டும், விதி அப்படித்தான் சொல்கிறது.

ஒவ்வொரு முறையும் முடிவுக்கு முன் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் நூறு பக்கத்துக்கு மேல் ஆங்கிலத்தில் இருக்கும் அட்டவணையைப் படித்துப் பதில் எழுத விமான நிறுவனங்களுக்கு ஆள் இருக்கிறது, அத்தைக்கு இல்லை. குறைந்தபட்சம் நாலு பக்கச் சுருக்கம் தமிழில் போட்டால் என்ன?

ஏர்போர்ட்டில் காபி ஏன் அந்த விலை? அந்தப் பணமும் ஏர்போர்ட்டுக்கா?

கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். ஏனென்றால் காபி விலைக்கும் யூடிஎஃபுக்கும் நேரடி உறவு இருக்கிறது.

ஏர்போர்ட்டுக்கு இரண்டு கல்லாப்பெட்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விமானக் கல்லா: தரையிறக்கம், நிறுத்தம், யூடிஎஃப். இன்னொன்று கடைக் கல்லா: வாடகை, விளம்பரப் பலகை, கார் பார்க்கிங், காபிக்கடை தன் விற்பனையில் தரும் பங்கு. இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்குப் போட்டால், கடையில் வரும் லாபம் முழுவதும் யூடிஎஃபைக் குறைக்கும். தனித்தனியாக வைத்தால் கடை லாபம் முழுவதும் நிலையத்தை நடத்துபவருக்கு. 2016-ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துக் கொள்கை நடுவழியைப் பிடித்தது. கடைக் கல்லாவில் 30 சதவீதத்தை எடுத்து விமானக் கல்லாவில் போடு, மீதி 70 உனக்கு.

அதாவது கடைக்காரர் ஏர்போர்ட்டுக்குத் தரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 30 ரூபாய் பயணிகளின் கட்டணத்தைக் குறைக்கப் போகிறது. 70 ரூபாய் கடைகளை இன்னும் பெருக்கத் தூண்டுகிறது. பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியதும் உட்காரும் நாற்காலிக்கு முன்னால் வாசனைத் திரவியக் கடை வருவது இதனால்தான். நான் ஒற்றைக் கல்லாக் கட்சி. நிலம் பொதுமக்களுடையது, கூட்டம் விமானத்துக்காக வந்தது. கடைக்காரர் அந்தக் கூட்டத்துக்குத்தான் வாடகை தருகிறார். அப்படியிருக்க அந்த வாடகை முழுவதும் பயணிக்குத்தானே சேர வேண்டும்?

விலையைப் பற்றிப் பாராளுமன்றம் வரை சத்தம் போன பிறகு, 2025 பிப்ரவரியில் சென்னையில் உடான் யாத்ரீ கஃபே என்று மலிவுக் கடை ஒன்று வந்தது. டீ 10 ரூபாய், காபி 20 ரூபாய். அத்தைக்கு வாங்கிக் கொடுத்தேன். "நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு டீ மாதிரி இருக்கு" என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு.

சென்னையில் வசூலாகும் பணம் சென்னையிலேயே செலவாகிறதா?

பாதி ஆமாம், பாதி இல்லை.

கட்டணத்தைக் கணக்கிடும்போது சென்னை நிலையத்தின் செலவை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வகையில் நாம் கொடுப்பது இங்கே போட்ட முதலீட்டுக்குத்தான். 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய ஒருங்கிணைந்த முனையத்தின் முதல் கட்டத்துக்கு 1,260 கோடி ரூபாய். அதற்கு முன் 2013-இல் சுமார் 2,000 கோடியில் கட்டிய முனையங்கள் திறக்கப்பட்டன. இவை எல்லாம் முதலீட்டுக் கணக்கில் ஏறி, லாபமும் தேய்மானமுமாக நம் டிக்கெட்டில் இறங்குகின்றன.

2013 முனையங்களைப் பற்றிச் சென்னைவாசிக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கண்ணாடியும் மேற்கூரைப் பலகையும் விழுந்துகொண்டே இருந்தன. 2018-க்குள் எண்பது தடவையைத் தாண்டிவிட்டதாகப் பத்திரிகைகள் எண்ணிப் போட்டன. "இன்னிக்கு எத்தனையாவது?" என்பது ஊர் நகைச்சுவையாகவே ஆனது. நான் கேட்பது இதுதான்: மோசமான கட்டுமானத்தைப் பழுதுபார்க்கும் செலவு பராமரிப்பு என்ற பெயரில் கட்டணக் கணக்குக்குள் வரலாமா, அல்லது கட்டியவர் தலையில் விழ வேண்டுமா? ஒழுங்குமுறை ஆணையத்திடம் எழுத ஒரே ஒரு வாய்ப்புக் கிடைத்தால் இதைத்தான் எழுதுவேன்.

இப்போது மறுபாதி. சென்னையில் மிஞ்சும் லாபம் இந்திய விமான நிலைய ஆணையத்தின் பொதுப் பையில் சேர்கிறது. ஆணையம் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களைப் பார்த்துக்கொள்கிறது, அவற்றில் பெரும்பாலானவை நஷ்டத்தில் ஓடுபவை. சென்னை, கொல்கத்தா போன்ற சில நிலையங்களின் வருமானத்தில் மற்றவை மூச்சு விடுகின்றன. கூட்டுக்குடும்பத்தில் சம்பாதிக்கிற மூத்தவன் மாதிரி. அதைத் தாண்டி மிஞ்சினால் மத்திய அரசுக்கு ஈவுத்தொகை. சிறிய ஊர்களுக்கு உதவுவதில் எனக்கு வருத்தமில்லை. அதை மானியம் என்று பெயர் சொல்லிச் செய்தால் நல்லது.

பாதுகாப்புக் கட்டணம் எதற்கு? காவல் அரசின் கடமையில்லையா?

1999 டிசம்பரில் காத்மண்டுவிலிருந்து கிளம்பிய விமானம் கந்தகாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, விமான நிலையப் பாதுகாப்பை மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிடம் கொடுத்தார்கள். அந்தப் படையின் செலவுக்குத்தான் இந்தப் பணம். 2019 ஜூலையில் உள்நாட்டுப் பயணிக்கு 150 ரூபாயாக இருந்தது, 2021 ஏப்ரலில் 200 ஆனது. சென்ட்ரல் ரயில் நிலையத்தில் காவல் நிற்கும் ரயில்வே பாதுகாப்புப் படைக்கு நாம் தனியாக டிக்கெட்டில் பணம் கட்டுவதில்லை. இங்கே கட்டுகிறோம். பறப்பவரே கொடுக்கட்டும் என்பது நியாயம்தான் என்று எனக்குப் படுகிறது.

நான் விமானத்தில் ஏறியதே இல்லை. என் பணமும் இதில் போகிறதா?

போயிருக்கிறது, அதுவும் கொஞ்சமில்லை.

ஏர் இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1932-இல் டாடா தொடங்கிய தபால் விமான சேவை கராச்சியிலிருந்து பம்பாய் வழியாக இந்தச் சென்னைக்குத்தான் வந்து சேர்ந்தது. 1953-இல் நாட்டுடைமை ஆனது. 2007-இல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைத்தார்கள், அதன் பிறகு நஷ்டம் நிற்கவில்லை. 2009-10 முதல் விற்பனை வரை ரொக்கமாகவும் கடன் உத்தரவாதமாகவும் அரசு இறக்கியது 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 2021 அக்டோபரில் டாடா வென்ற ஏலத்தொகை 18,000 கோடி. அதில் கையில் வந்தது 2,700 கோடி, மீதி 15,300 கோடி கடனை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இன்னொரு 46,000 கோடிச் சொச்சம் கடன் அரசின் தனி நிறுவனம் ஒன்றிடம் தங்கியது. அந்த நிறுவனம் அரசுடையது என்றால் கடன் யாருடையது என்று சொல்ல வேண்டுமா?

தனியார் கதையும் இருக்கிறது. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றபோது முடங்கிய கடனில் பெரும்பகுதி அரசு வங்கிகளுடையது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மேயில். வங்கியில் ஃபிக்சட் டெபாசிட் வைத்திருப்பவரும் வரி கட்டுபவரும் ஏதோ ஒரு வழியில் அந்த விமானங்களுக்கு டிக்கெட் எடுத்தவர்கள்தான், ஏறவில்லை, அவ்வளவே.

உடான் திட்டம் என்கிறார்களே, அது நேரடி மானியம்தானே? சேலம் என்ன ஆயிற்று?

ஆமாம், சிறிய ஊர்களுக்கு விமானம் விடுவதற்கான வெளிப்படையான மானியம் அது. 2016-இல் அறிவித்து, 2017 ஏப்ரலில் சிம்லா–டெல்லி விமானத்தோடு தொடங்கினார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்குத் தொடக்கத்தில் சுமார் 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு. விமானத்தில் ஏறக்குறைய பாதி இருக்கைகளுக்கு மட்டும் இந்த விலை. அதனால் வரும் பற்றாக்குறையை மூன்றாண்டு வரை அரசு ஈடுகட்டும். அதில் 20 சதவீதம் மாநிலத்தின் பங்கு. போதாததற்கு மாநிலம் போலீஸும் தீயணைப்பும் இலவசமாகத் தர வேண்டும், எரிபொருள் வரியையும் 1 சதவீதத்துக்குள் குறைக்க வேண்டும்.

மத்தியப் பங்கு எங்கிருந்து வருகிறது? பெரிய ஊர்களுக்கிடையே பறக்கும் ஒவ்வொரு விமானத்தின் மீதும் போடும் தீர்வையிலிருந்து. 2017-இல் அது ஒரு விமானத்துக்கு 5,000 ரூபாய். சென்னை–மும்பை போகிறவர் தெரியாமலே சேலம் போகிறவருக்குக் கொடுக்கிறார். டிக்கெட்டில் தனிக் கட்டணமாக இது தெரியாது, கட்டணத்துக்குள்ளேயே கரைந்துவிடும்.

சேலத்துக்கு வருவோம். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் நிலையத்துக்கு 2018 மார்ச்சில் ட்ரூஜெட் நிறுவனத்தின் ஏடிஆர் என்ற சிறிய விமானம் சென்னையிலிருந்து கிளம்பியது. சில காலம் ஓடியது. 2021-இல் நின்றது. இரண்டு வருடத்துக்கு மேல் ஓடுபாதை வெயிலில் காய்ந்தது. 2023 அக்டோபரில் உடான் மூலமாகவே வேறு நிறுவனங்கள் வந்தன. ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிவதற்குள் சேலத்தில் இறங்கிவிடலாம் எனும்போது, விமானத்தை யார் தேடுவார்கள் என்று மானியம் கொடுப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

சேலம் தனிக்கதை என்று நினைக்க வேண்டாம். 2023-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தந்த அறிக்கை சொல்வது: உடானின் முதல் மூன்று ஏலச் சுற்றுகளில் கொடுத்த 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்றாண்டைத் தாண்டியவை 112. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54.

சிறிய விமானங்களுக்கு வேறு சலுகை உண்டா?

உண்டு. 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. இருபது ஆண்டுக்கு முன் வந்த ஏற்பாடு. அத்தை ஏறும் தூத்துக்குடி ஏடிஆர் அந்த வகைதான். 2005-இல் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பிய பாரமவுண்ட் ஏர்வேஸ் 70 இருக்கை எம்ப்ரேயர் விமானங்களை வைத்து முழுக்க பிசினஸ் வகுப்பு நடத்தியதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது. சின்ன ஊருக்கென்று கொடுத்த சலுகையில் கோட்டு போட்டவர்கள் பறந்தார்கள்.

ஒரு பக்கம் மானியம் என்கிறீர்கள். இன்னொரு பக்கம் எரிபொருளுக்குத் தமிழ்நாடுதான் அதிக வரி போடுகிறது என்கிறார்களே?

இரண்டும் உண்மை. விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, அதனால் ஒவ்வொரு மாநிலமும் தன் வாட் வரியைப் போடுகிறது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக 29 சதவீதம், நாட்டிலேயே மேல்வரிசை. விமானங்கள் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து இங்கே கொஞ்சமாகப் போடுவது அதனால்தான் என்று நிறுவனங்கள் புலம்பும். வலது கையில் வாங்கி இடது கையில் கொடுப்பது என்பார்களே, அது. ஆனால் நிறுவனங்கள் வரியைப் பற்றிப் பேசும்போது மானியத்தை மறந்துவிடும், அரசு மானியத்தைப் பற்றிப் பேசும்போது வரியை மறந்துவிடும்.

வெளிநாட்டில் எப்படி?

கொரோனாவின்போது, 2020–21-இல், அமெரிக்கா விமான ஊழியர்களின் சம்பளத்துக்கென்றே மூன்று தவணையில் சுமார் 54 பில்லியன் டாலர் கொடுத்தது. ஜெர்மனி லுஃப்தான்சாவுக்கு 9 பில்லியன் யூரோ உதவியை அறிவித்து, பதிலுக்கு 20 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டது. நிறுவனம் எழுந்ததும் 2022-இல் பங்கை விற்று லாபமும் பார்த்தது. இங்கே தனியார் நிறுவனங்களுக்கு ரொக்க உதவி இல்லை, கடன் உத்தரவாதத் திட்டம்தான். கொடுத்தால் ஜெர்மனி மாதிரி கொடுக்க வேண்டும் என்பேன். பணம் என்னுடையது என்றால் பங்குப் பத்திரமும் என் பெயரில் இருக்கட்டும்.

ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மானியம் கொடுக்கிறோம். விமானத்துக்கு மட்டும் கூடாதா?

ஐஆர்சிடிசி டிக்கெட்டின் அடியில், பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் வசூலிக்கிறோம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். 2021 முதல் சென்னையில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா பம்மலிலிருந்து அதில்தான் வருகிறார். அதனால் மாதம் மிஞ்சும் பணம் அவர் பெண்ணின் டியூஷனுக்குப் போகிறது. அதோடு ஒப்பிட்டால் என் விமானப் பயணத்தில் 500 ரூபாய் குறைந்து எந்தக் குடும்பமும் நிமிரப்போவதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் போடவும் மாட்டேன். அந்தமான், லட்சத்தீவு, வடகிழக்கு மலை ஊர்களுக்கு விமானம்தான் ஆம்புலன்ஸ். போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) தலையில் அடிபட்டவரைச் சென்னைக்குத்தான் கொண்டுவருகிறார்கள். அந்தத் தடத்துக்கு மானியம் கொடுங்கள், மூன்றாண்டு என்று கெடு வைக்காமல் கொடுங்கள். நிறுவனத்துக்குக் கொடுக்காமல் தடத்துக்குக் கொடுக்க வேண்டும், ஏலம் விட்டு, குறைவாகக் கேட்பவருக்கு. ரயில் இருக்கும் ஊருக்கு ரயிலைச் சரியாக விடுங்கள்.

ஏர்போர்ட்டைத் தனியாருக்குக் கொடுத்தால் கட்டணம் ஏறுமா?

ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம். திருவனந்தபுரத்தில் தனியார் வந்த பிறகு 2024 ஜூலையில் உள்நாட்டு யூடிஎஃப் 506-லிருந்து 770 ரூபாய் ஆனது. டெல்லியிலும் தனியார்தான், அங்கே நெடுநாள் 130 ரூபாயை ஒட்டியே இருந்தது. கணக்கு போடுவது அதே ஏராதான், முதலீட்டின் அளவும் காலமும்தான் வேறு. 2021-இல் மத்திய அரசு அறிவித்த சொத்துப் பணமாக்கல் (அரசுச் சொத்தைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டுப் பணம் திரட்டுவது) பட்டியலில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை நான்கும் இருந்தன. விரிவாக்க நிலத்தை மாநிலம் கொடுத்திருக்கும்போது தனியாருக்குப் போனால் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கேட்டது நியாயமான கேள்வி.

பரந்தூரில் வரப்போகும் புதிய விமான நிலையத்துக்கும் நாம்தான் பணம் கொடுப்போமா?

2022 ஆகஸ்டில் அறிவித்தபோது சொன்ன மதிப்பு 20,000 கோடி. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. நிலம் எடுப்பது மாநிலத்தின் பொறுப்பு, அது வரிப்பணம். கட்டியபின் முதலீடு அங்கே பறப்பவர்களின் யூடிஎஃபில் வரும். 13 கிராமங்களின் நிலமும் ஏரியும் எந்த அட்டவணையிலும் ரூபாயாக முழுதாக ஏறாது, அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்துக்காரர்கள் வருடக்கணக்காக இரவு கூடிச் சொல்வது அதைத்தான்.

டிக்கெட்டை ரத்து செய்தாலோ, விமானத்தைத் தவறவிட்டாலோ யூடிஎஃப் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். பறக்காதவரிடம் ஏர்போர்ட் கட்டணமும் பாதுகாப்புக் கட்டணமும் வாங்கக்கூடாது. ஆஃபர் டிக்கெட், ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் எதுவானாலும் இந்த இரண்டையும் சட்டப்படியான வரிகளையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. ரத்துக் கட்டணமும் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக்கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு யூடிஎஃபே கிடையாது.

அத்தை கடைசியில் அந்த டிக்கெட்டில் போகவில்லை. தாம்பரம் பக்கம் மழைத்தண்ணீரில் கார் நின்றுபோய்க் கவுன்ட்டர் மூடிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பெண் மூன்று முறை "நான்-ரீஃபண்டபிள் டிக்கெட் சார்" என்றார். நான்காவது முறை "டிக்கெட் விலை வேண்டாம், யூடிஎஃபும் ஏஎஸ்எஃபும் மட்டும்" என்று பெயர் சொல்லிக் கேட்டேன். ஒரு நிமிடம் இசை போட்டுவிட்டுத் திரும்பி வந்து, ஏழு வேலைநாளில் வரும் என்றார். பதினோராம் நாள் வந்தது. அத்தையோ விமானத்தைத் தவறவிட்ட அன்றிரவே முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி, மறுநாள் காலையிலேயே ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்.